வாவியின் ஓசையும் விண்ணின் ஓசையும்



மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்னும் செய்தியை அறியாதார் நம்முள் இலர். முழுமதி நாளில், காற்றடங்கிய இரவு வேளையில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி மறுமுனையிற் செவியை வைத்தால், நீரின் அடியிலிருந்து மெல்லியதோர் இன்னோசை எழக் கேட்கலாம் என்பர். கேட்டவர் உளர், பன்முறை சென்றும் கேளாது மீண்டவரும் உளர். அவ்வோசை மீனிலிருந்து பிறக்கிறதா, ஊரி என்னும் சிப்பியினத்திலிருந்து பிறக்கிறதா என்பது குறித்து அறிஞர் இன்னும் ஒருமித்த முடிபுக்கு வந்திலர்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் காணப்படும் ஆன்மிக, தத்துவக் கருத்துக்கள் என்பது. அதற்கும் எங்கள் வாவிக்கும் யாது தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு இரண்டு உண்டு. அத்தகைய படங்களுள் சிறந்தவை பலவற்றிலும் கதை ஒரே வகையாகத் தொடங்குகிறது. அறியாத ஓரிடத்திலிருந்து ஓர் ஓசையோ ஒரு செய்தியோ வருகிறது. அதைக் கேட்ட மனிதன் என்ன செய்கிறான் என்பதே பின்னர் கதையாகிறது. இது முதலாவது தொடர்பு. அக்கதைகளை எழுதியோருள் உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம் இலங்கைத் தீவில் ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தார். நம் கிழக்கு மாகாணக் கடலிலே மூழ்கி ஆராய்ந்தார். இது இரண்டாவது. அவர்தாம் ஆதர் சி. கிளார்க்.

கிளார்க்கைப் பற்றிக் கூறுமுன், வாவியின் ஓசையைக் கேட்ட மூவரை நினைவுகூர்தல் வேண்டும். முதலாமவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராய் இருந்த இவர் 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தார். இரவில் தோணியிற் சென்று ஓசையைக் கேட்டார். தோணியின் மரத்தில் செவியை வைத்தபோது ஓசை மிகுந்து ஒலித்ததைக் கண்டார். மீனவர் காட்டிய சிப்பிகளை வாங்கி ஆராய்ந்தார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்று நூலில் இவற்றையெல்லாம் எழுதி வைத்தார். இவர் கேட்ட வினா, இவ்வோசைக்குக் காரணம் யாது என்பது.

இரண்டாமவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாய்ப் பிறந்த இவர், மட்டக்களப்பிற் கல்வி கற்று, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி ஆனார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார். பௌதிகமும் வேதாந்தமும் அவர் உள்ளத்தில் ஒன்றையொன்று பகைத்ததில்லை. வாவியின் ஓசையை அவர் நீரர மகளிர் பாடும் பாட்டாகக் கற்பனை செய்து கவிதை யாத்தார். அவரே மறுபுறம், பழந்தமிழர் யாழின் நரம்புகளுக்கும் சுருதிகளுக்கும் உரிய அளவுகளைக் கணித முறையால் ஆராய்ந்து யாழ்நூல் எழுதினார். 1947 யூன் மாதத்தில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கவிதை பாடியமையால் அவர் கணக்கை மறந்தாரல்லர். கணக்குப் பார்த்தமையால் கவிதையைக் கைவிட்டாருமல்லர்.

மூன்றாமவர் லாங் அடிகளார் என்னும் இயேசு சபைத் துறவி. 1960களில் இவருடைய துணையுடன் வாவியின் ஓசை இலங்கை வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. கடவுளுக்கென வாழ்வை ஒப்புக்கொடுத்த ஒருவர், கருவிகொண்டு ஓசை தேடிய செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். இந்தப் பேச்சின் பிற்பகுதியில் வேறோர் இயேசு சபைத் துறவியை நாம் சந்திக்கவிருக்கிறோம்.

இனிக் கிளார்க்கிடம் வருவோம். இங்கிலாந்தில் 1917இல் பிறந்த இவர், 1945 ஒக்டோபரில் வானொலித் துறைச் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை அமைத்தால், ஒலியையும் ஒளிப்படத்தையும் உலகெங்கும் அனுப்பலாம் என்பது அதன் கருத்து. செய்மதி ஒன்றேனும் விண்ணுக்கு ஏறாத காலத்தில் எழுதப்பட்டது அக்கட்டுரை.

1956இல் கிளார்க் தம் நண்பர் மைக் வில்சனுடன் இலங்கைக்கு வந்தார். இருவரும் திருகோணமலையில் சுவாமி மலையின் அடியிலே கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்தழித்த கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் கடலடியிற் கிடப்பதைக் கண்டனர். கடலிலிருந்து சிவலிங்கம் ஒன்றையும் வில்சன் கண்டெடுத்தார். பின்னர் வில்சன் திரைப்படத் துறையில் இறங்கி, 1962இல் 'ரன் முத்து தூவ' என்னும் படத்தை இயக்கினார். சிங்களத்தில் வண்ணத்தில் வெளிவந்த முதற் கதைப்படம் அதுவே. காலம் செல்ல அவர் எல்லாவற்றையும் துறந்து, கதிர்காமக் கந்தனின் அடியவராய், சுவாமி சிவ கல்கி என்னும் பெயர் பூண்டார்.

கிளார்க்கோ இறுதிவரை எம்மதத்தையும் சார்ந்தாரல்லர். 2008 மார்ச் 19ஆந் திகதி கொழும்பில் மறைந்த அவர், தம் இறுதிக் கிரியையில் எச்சமயச் சடங்கும் இடம்பெறலாகாது என எழுதி வைத்திருந்தார். ஒரே கடலில் ஒரே காலத்தில் மூழ்கிய நண்பர் இருவருள் ஒருவர் துறவியானார். மற்றவர் சடங்கே வேண்டாம் என்றார். ஆயினும், சடங்கை வேண்டாத அந்த மனிதரின் கதைகளில் சமயத்தின் வினாக்கள் ஓய்ந்தபாடில்லை. அவர் எழுத்தை இருபதாம் நூற்றாண்டின் தத்துவ எழுத்துக்களுள் ஒன்றாக எண்ணுவோர் உளராயின், அதற்குக் காரணம் இதுவே.

1968இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001: விண்வெளிப் பயணம்' என்னும் படம் குப்ரிக்கும் கிளார்க்கும் கூடி எழுதியது. மனிதன் மனிதனாகாத பழங்காலத்தில், குரங்கையொத்த மாந்தர் கூட்டத்தின் நடுவே கரிய கற்பலகை ஒன்று தோன்றுகிறது. அதைத் தொட்டபின் அவர்களுள் ஒருவன் எலும்பைக் கருவியாக்கக் கற்கிறான். அக்கருவியாலேயே கொலையும் செய்கிறான். பல இலட்சம் ஆண்டுகள் கழித்து, சந்திரனில் புதையுண்டிருந்த மற்றொரு கற்பலகையை விஞ்ஞானிகள் தோண்டி எடுக்கின்றனர். சூரிய ஒளி அதன்மேற் பட்டதும் அது வியாழக் கிரகத்தை நோக்கி ஓர் ஒலிச்செய்தியை அனுப்புகிறது. அச்செய்தியின் வழியே மனிதர் ஒரு கப்பலில் வியாழனுக்குப் புறப்படுகின்றனர்.

இப்படத்தில் கடவுளின் பெயர் வழிபாட்டுக்குரியதாக எங்கும் கூறப்படவில்லை. எனினும் கற்பலகையின் முன்னே மனிதர் நிற்கும் காட்சி, மூலத்தானத்தின் முன்னே அடியார் நிற்கும் காட்சியை நினைவூட்டுவது. அங்கே விக்கிரகம் இல்லை, உருவம் இல்லை, சொல்லும் இல்லை. அருவமும் உருவமும் கடந்ததோர் அருவுருவை வழிபட்டுப் பழகிய சைவ மக்களுக்கு இக்காட்சி புதியதன்று. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. சைவர் இலிங்கத்தின்முன் நிற்பது அருளை வேண்டி. படத்தின் கற்பலகை அறிவைத் தருகிறது. அருளைத் தருகிறதா என்பதற்கு விடையில்லை. அறிவு பெற்ற முதல் மனிதன் முதற் செயலாகக் கொன்றான் என்பதைப் படம் மறைக்கவுமில்லை.

இதே படத்தில் ஹால் என்னும் கணினி வருகிறது. அது பேசுகிறது, சதுரங்கம் ஆடுகிறது, கப்பலை நடத்துகிறது. பின்னர் தன்னுடன் பயணம் செய்தோரைக் கொல்கிறது. எஞ்சிய ஒருவன் அதன் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, அது தனக்கு அச்சமாயிருப்பதாகச் சொல்கிறது. பார்ப்போர் இரங்குகின்றனர். இயந்திரத்துக்கு உயிர் உண்டா என்னும் வினா அவ்விடத்தில் எழுகிறது.

மேல்நாட்டார் பலர் இவ்வினாவைப் புதியதாகக் கருதினர். நம் தத்துவ மரபோ அதற்குரிய வேறுபாட்டைப் பன்னூறாண்டு முன்னரே வகுத்து வைத்துள்ளது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் சடப்பொருள் என்பது சைவ சித்தாந்தம். அவை நினைக்கும், ஆராயும், துணியும். ஆயினும் அவை மாயையிலிருந்து தோன்றிய கருவிகளே. அறிவது உயிர், அறிவதற்கு உதவுவன கருவிகள். கணினி ஒன்று எண்ணவும் தீர்மானிக்கவும் வல்லதாகும் என்றால் சித்தாந்தி வியக்கமாட்டான். புத்தி சடமாயின், சடத்தாற் புத்தி செய்வது நடவாததன்று என்பான். அவன் கேட்கும் வினா வேறு: அக்கருவியைத் தனதாகக் கொண்டு இன்பமும் துன்பமும் துய்க்கும் உயிர் அங்கே உண்டா? இயந்திரங்கள் மனிதரைப்போல் உரையாடத் தொடங்கிவிட்ட இந்நாளில், இவ்வேறுபாடு ஏட்டோடு நிற்கும் ஒன்றன்று, நாள்தோறும் வேண்டப்படுவது.

அடுத்துக் கூறவேண்டிய படம் சோவியத் நாட்டில் 1972இல் அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி இயக்கிய 'சோலாரிஸ்'. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. சோலாரிஸ் என்னும் கிரகத்தில் பெருங்கடல் ஒன்று உண்டு. அக்கடல் முழுவதும் சிந்திக்கும் ஓர் உயிர். விஞ்ஞானிகள் தலைமுறை தலைமுறையாக அதை ஆராய்ந்தும் அதன் கருத்தை அறிந்திலர். அக்கடலோ அவர்தம் உள்ளத்தின் ஆழத்தை அறிந்து, அங்கே புதைந்தவர்களை உருக்கொடுத்து அனுப்புகிறது. கெல்வின் என்பவனின் மனைவி பல ஆண்டுகளுக்குமுன் உயிரை மாய்த்துக்கொண்டவள். அவள் அவன்முன் மீண்டும் வந்து நிற்கிறாள். வந்தவள் அவளா, அவன் குற்ற உணர்வு பெற்ற உருவமா? விண்ணை ஆராயச் சென்றவன் தன்னையே ஆராய நேர்கிறது. ஆன்ம விசாரம் என்று நம் பெரியோர் கூறியது இதுவே. நீர் கொண்டுபோனவரை நீரே திருப்பித் தாராதா என்று ஏங்கிய மக்கள் வாழும் கரையிலிருந்து பேசுகின்ற எனக்கு, இப்படம் அயல்நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

1997இல் வந்த 'கொன்ராக்ட்' என்னும் அமெரிக்கப் படத்தைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். வானொலி அலைகளால் விண்ணை ஆராயும் பெண் விஞ்ஞானி ஒருத்தி தொலைவிண்ணிலிருந்து வந்த ஓசையைக் கேட்கிறாள். அது காட்டிய வழியிற் பயணமும் செய்கிறாள். மீண்டு வந்தபின் அவளிடம் சான்று இல்லை. சான்றின்றி எதையும் நம்பாத அவள், கண்டதைக் கண்டேன் என்று மட்டும் சொல்லி நிற்க நேர்கிறது. வாவியின் ஓசையைக் கேட்டேன் என்பவனை, கேளாதவன் நம்புவதெங்ஙனம் என்னும் எங்கள் ஊர் வினாவும் அதுவேயாகும்.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட இரண்டாவது இயேசு சபைத் துறவியிடம் வருவோம். இவர் கதையில் வருபவர். கிளார்க் 1955இல் வெளியிட்ட 'விண்மீன்' என்னும் சிறுகதையின் தலைவர். வானியல் அறிஞராகிய இத்துறவி, வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனை ஆராயும் கப்பலிற் செல்கிறார். அவ்விண்மீனைச் சுற்றிய உலகமொன்றில் ஒரு நல்லினம் வாழ்ந்தது. அழகும் கலையும் அன்பும் உடைய இனம். தம் சூரியன் வெடிக்கப் போவதை அறிந்து, தப்ப வழியின்றி, தம் நூல்களையும் ஓவியங்களையும் தொலைவிலுள்ள ஒரு கோளில் சேமித்து வைத்துவிட்டு மாண்டது. துறவி கணக்கிடுகிறார். அவ்வெடிப்பின் ஒளி பூமியை எட்டிய காலம் யாது? அது, இயேசு பிறந்தபோது பெத்லகேமுக்கு வழிகாட்டிய விண்மீனின் காலம். ஒரு குழந்தையின் பிறப்பை அறிவிக்க ஓர் இனமே எரியவேண்டுமா என்று துறவியின் நெஞ்சு பதைக்கிறது. கதை அவ்வளவில் முடிகிறது. ஆறுதல் ஒன்றும் கூறப்படவில்லை.

1985 டிசெம்பரில், நத்தாரை ஒட்டி, 'ருவைலைற் சோன்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இக்கதை நாடகமாயிற்று. அங்கே முடிவை மாற்றினர். மாண்ட இனத்தார் எழுதி வைத்த கவிதை ஒன்றைத் துறவியின் நண்பர் வாசிக்கிறார். தங்களுக்காகத் துயருற வேண்டா, துன்புறும் ஏனையோருக்கு இரங்குக என்பது அதன் கருத்து. துறவி ஆறுதல் பெறுகிறார். பண்டிகைக் காலத்தில் வீட்டிலிருந்து பார்ப்போரை ஆறுதலின்றி விட நாடகத்தார் விரும்பவில்லை போலும்.

இரண்டில் எம்முடிவு சிறந்தது? இவ்வினாவுக்கு நான் ஏட்டறிவால் விடை கூற இயலாது. நத்தாருக்கு மறுநாள், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று முழுமதி நாள். வாவி பாடும் என்று நாம் சொல்லும் அதே முழுமதி. அன்று காலையில் எழுந்த கடற்கோள் கல்லடியையும், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவலடியையும், கிழக்குக் கரையின் எண்ணற்ற ஊர்களையும் வாரிச் சென்றது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1978 நவம்பரில் சூறாவளியைக் கண்ட மக்கள் மீண்டும் ஒருமுறை, நாங்கள் செய்த பிழை யாது என்று கேட்டனர். கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் அதே வினா எழுந்தது. கதைத் துறவி தம் அறையில் தொங்கிய சிலுவையை நோக்கிக் கேட்ட வினாவும் அதுவே.

காரணம் கேட்டால் விஞ்ஞானம் விடை தரும். சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலத்தட்டு பிளந்தது, நீர் எழுந்தது, அலை பரந்தது. அவ்விடை முற்றிலும் உண்மை. ஆயினும் பிள்ளையை இழந்த தாய் கேட்டது அதுவன்று. ஆதலால் ஆறுதலின்றி முடித்த கிளார்க்கின் நேர்மையை நான் மதிக்கிறேன்; துயருற்றவனுக்கு ஒரு சொல்லேனும் கூற விழைந்த தொலைக்காட்சி நாடகத்தாரின் இரக்கத்தையும் இகழேன்.

ஆனால் இரு முடிவுகளும் கூறாத ஒன்று உண்டு. கதையில் வரும் இனத்தாருக்குத் தப்ப வழியே இல்லை. நமக்கு இருந்தது. நில அதிர்வு ஏற்பட்டது இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவில். அலை நம் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. பசுபிக் சமுத்திரத்தைக் கண்காணித்த நிலையத்தார் சில நிமிடங்களிலேயே அதிர்வை அறிந்தனர். இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை ஒழுங்கு அந்நாளில் இருந்ததில்லை. கிளார்க் 1945இல் எழுதிய வண்ணமே செய்மதிகள் வானில் நின்றன. வீடுதோறும் வானொலி இருந்தது. கிளார்க்கும் கொழும்பில் இருந்தார். ஹிக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடும் நிலையமும் அன்று அழிந்தது. ஓசையைக் கொண்டுசெல்லும் கருவியெல்லாம் இருந்தும், வேண்டிய சொல் மட்டும் வந்து சேரவில்லை. இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை ஒழுங்கு அதன் பின்னரே அமைக்கப்பட்டது.

ஆகவே, கடவுள் ஏன் செய்தார் என்னும் வினாவோடு, மனிதர் ஏன் செய்யவில்லை என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். முன்னதற்கு விடை காணாதோர் பின்னதற்கு விடை காணலாம். இரண்டாவது வினாவைக் கேளாமலிருக்க முதல் வினாவைச் சாட்டாகக் கொள்ளுதல் பக்தியன்று. முதல் வினாவை அறியாமை என்று தள்ளிவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்டல் முழுமையான அறிவுமன்று.

கிளார்க் 1980இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் தோன்றி, உலகின் மர்மங்களை மூவகையாக வகுத்தார். முன்னர் மர்மமாயிருந்து இன்று விளங்கிவிட்டவை ஒன்று. இன்னும் முற்றும் விளங்காதவை, ஆயின் ஒருநாள் விளங்கக்கூடியவை மற்றொன்று. எவ்விதப் பகுத்தறிவு விளக்கமும் புலப்படாதவை மூன்றாவது. வாவியின் ஓசை இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பது என் எண்ணம். ஒருநாள் நல்ல ஒலிவாங்கியோடு வரும் மாணவன் ஒருவன், இன்ன உயிர் இன்ன உறுப்பால் இவ்வோசையை எழுப்புகிறது என்று காட்டிவிடக்கூடும். அன்று விபுலாநந்த அடிகளின் நீரர மகளிர் பொய்யாகிவிடுவரோ? ஆகார். யாழின் நரம்புக்கு அளவு சொன்ன அடிகளே யாழின் இசையில் உருகியவர். அளவு தெரிந்தமையால் இசை குன்றவில்லை.

விஞ்ஞானக் கதைப் படங்களை வெறும் பொழுதுபோக்கென்று சமயவாதிகள் ஒதுக்குவதும், அவற்றில் வரும் ஆன்மிகத்தை மூடநம்பிக்கையென்று பகுத்தறிவாளர் ஒதுக்குவதும் பொருந்தா. அவற்றுள் நல்லன யாவை, அல்லன யாவை என்று பகுத்தறிய ஓர் அளவுகோலை நம் வாவியே தருகிறது. ஓசை கேட்டதும் விழுந்து கும்பிட்டு ஆராய்ச்சியை நிறுத்தும் கதை பயனற்றது. காரணம் கண்டதும் இனி வியக்க ஒன்றுமில்லை என்று எழுந்து போகும் கதையும் பயனற்றதே. டெனன்ட் துரையின் வினாவும், அடிகளின் கவிதையும், லாங் அடிகளாரின் ஒலிவாங்கியும் ஒரு தோணியில் அமரத்தக்கவை. அவ்வாறு அமர இடங்கொடுக்கும் படத்தையே நான் சிறந்த படம் என்பேன்.

இந்தப் பேச்சைக் கேட்கும் இளைஞர் எவரேனும் அடுத்த முழுமதி இரவில் கல்லடிக்குச் செல்வாராயின், செவியைத் துடுப்பில் வைத்துப் பொறுமையோடு கேட்பாராக. கேட்டதைக் கேட்டபடியே எழுதி வைப்பாராக. அத்துடன், கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்குமாயின் யாது செய்வது என்பதைத் தம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் வைப்பாராக.